மாதியம்மாவின் பச்சைப் புடவை

"அந்த வெள்ளப் பொடவக்காரம்மா மொத வளையல் போடறதா? இன்னாமா பேசுற நீ?"

மாமியார் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஏழாம் மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு பவித்ரா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வளைகாப்பு. இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

"எனக்கு அம்மா இல்லை அத்தை. அம்மா இடத்துல நின்னு யாராவது போடணும்னா அது மாதியம்மாதான்."

"மத்த நாள்ல அந்தம்மா கையால சோறு துன்னு, நானா வேணாங்கிறேன்? இது நல்ல காரியம்மா. முத்தாபுதுப்பேட்டைலேர்ந்து எங்க சனம் மொத்தமும் வருது. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

மாமியார் கெட்டவர் அல்ல, பயந்தவர். பயந்தவர்களோடு வாதாடுவதுதான் பெரும்பாடு.

மாதியம்மா எதிர் ஃப்ளாட். கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் குடும்பம். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் கிரணுக்குக் கால் எலும்பு முறிந்தபோது, பார்த்துக்கொள்ளச் சென்னீர்குப்பம் வந்தவர். வந்து ஐந்து மாதமாகிறது. உடம்பைச் சுற்றி வெள்ளை முண்டு, தோளில் வெள்ளைத் துண்டு, தலையில் இறுக்கிக் கட்டிய வெள்ளைத் துணி. நெற்றியில் குங்குமம் கிடையாது, பச்சை குத்திய ஒரு புள்ளி மட்டும். கழுத்தில் தாலி கிடையாது. வெள்ளை கட்டிய பெண்ணிடம் வீட்டுக்காரரைப் பற்றி யார் போய்க் கேட்பார்கள்? ஃப்ளாட்டில் யாருமே கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் பவித்ரா வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தபோது, கேட்காமலே கஞ்சியோடு வந்து நின்றவர் அவர்தான். அன்றிலிருந்து பவித்ராவுக்கு அவர்மேல் உயிர்.

"அவங்க போடலைன்னா எனக்கு வளைகாப்பே வேண்டாம் அத்தை."

மாமியார் கையிலிருந்த கத்தரிக்காயைத் தட்டில் வைத்தார்.

"சரி, ஒண்ணு பண்ணு. அன்னிக்கு ஒரு நாள் வெள்ளைய உட்டுட்டு, கலர் பொடவ கட்டிகினு வரச் சொல்லு. நான் வாய மூடிக்கிறேன்."

பவித்ரா விடுவாளா? மறுநாளே கணவன் இளங்கோவைப் பூந்தமல்லிக்கு விரட்டி, பச்சைப் பட்டு ஒன்று வாங்கிவரச் செய்தாள். அதை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை நீங்கதான் எனக்கு முதல் வளையல் போடணும் மாதியம்மா."

மாதியம்மா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல கண்ணி கட்டுவாங்க கண்ணு. கண்ணின்னா நூலு. மாசமா இருக்கறப்ப வீட்டுக்காரர் கட்டணும். ஊரே சுத்தி உக்காந்திருக்கு. அவர் எங்கப்பாவைப் பாத்து, 'உங்க மக கழுத்துல கட்டட்டுமா'ன்னு கேட்டார். எங்கப்பா உடனே பதில் சொல்லாம விளையாட்டு காட்டுறார். இவருக்குக் கை நடுங்கி நூலு என் மடியில விழுந்துருச்சு."

சொல்லும்போதே சிரித்துவிட்டார். முன்கையில் இருந்த கனத்த வெள்ளி வளையை மெல்ல உருட்டினார்.

"இதை அன்னைக்குத்தான் எங்கம்மா போட்டுவிட்டாங்க. வெளிய ஒரே பனி. உள்ள அடுப்புப் புகை. அண்ணிங்க எல்லாம் பாட்டுப் பாடியே அவரைக் கேலி பண்ணினாங்க. நாப்பது வருசம் ஆச்சு, நேத்து மாதிரி இருக்கு. இந்தப் புழுக்கத்துல படுத்துக்கிட்டு அதைத்தான் நெனச்சுக்குவேன்."

மேலே கேட்டால் அழுதுவிடுவார் என்று பயந்து, பவித்ரா புடவையை நீட்டினாள்.

"இதுல எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை மாதியம்மா. யார் வேணா வளையல் போடலாம். யார் வேணா கலர் கட்டலாம். எனக்காக அன்னைக்கு மட்டும் வெள்ளை வேண்டாமே."

மாதியம்மா புடவையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் கண்ணில் நீர் நிற்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"உனக்காகக் கட்டறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பச்சைப் பட்டில் கூச்சத்தோடு வந்தார். புடவை அவருக்குப் பழகவில்லை, முந்தானையைத் தலைக்கும் தோளுக்குமாக இழுத்துக்கொண்டே இருந்தார். முத்தாபுதுப்பேட்டைப் பெண்கள் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். அவர் முதல் வளையலைப் போட்டபோது மாமியார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பெண்மணி எழுந்து வந்தாள். ஒரு பாவப்பட்ட பெண்ணுக்கு அவள் இழந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்ட பெருமையில் பவித்ராவுக்கு நெஞ்சு நிறைந்தது.

வாசலில் மணி அடித்தது. கிரண் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து உள்ளே வந்தான். பின்னால், வெள்ளைத் தலைப்பாகையும் வெள்ளைப் போர்வையுமாக உயரமான பெரியவர் ஒருவர், பை நிறையக் கேரட்டோடு நின்றார்.

"மன்னிச்சுக்கங்கம்மா, மேட்டுப்பாளையத்துலயே பஸ் லேட்டு. தேயிலை பறிக்க ஆள் கிடைக்காம இத்தனை நாள் இந்தப் பக்கமே வர முடியல. நான் ஜோகி, மாதியோட வீட்டுக்காரன்."

மாமியார் கையிலிருந்த சந்தனக் கிண்ணம் அப்படியே நின்றது.

பெரியவர் பவித்ராவின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"என்ன மாதி, நல்ல காரியத்துக்கு வந்துட்டு வெள்ளை கட்டாமலா நிப்பாங்க?"