பால்கனி அறை

"பையை மட்டும் தொடாதப்பா. அது என் கைலயே இருக்கட்டும்" என்றார் காசிமிரோ புஸ்தில்லோ. மற்ற பெட்டியை ஹோட்டல் பணியாள் தூக்கிப் போக, அவர் கறுப்புத் தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

எதிரே இருந்த வக்கீல் வென்செஸ்லாவோ மட்டூத்தே அந்தப் பையைக் கண்ணாலேயே எடை போட்டார். தலைநகர் தெகுசிகல்பாவில் யார் ஜெயித்தாலும் மந்திரிசபை பிறப்பது அரண்மனையில் இல்லை, இந்தப் பழைய அல்மெந்த்ரோ ஹோட்டலில்தான். புது ஜனாதிபதி நான்காம் மாடியில் தங்கியிருந்தார். மந்திரியாகத் துடித்தவர்கள் எல்லாம் மற்ற மாடிகளில்.

மட்டூத்தேக்குப் பொதுப்பணித் துறை மேல் கண். ஊர் ஊராகப் போய்த் தொண்டை கிழியப் பேசியவர் அவர். ஆனாலும் மேலே இருந்து இன்னும் அழைப்பு வந்தபாடில்லை. அவர் மனைவி எர்லிந்தாவோ பதவியேற்புக்குப் பட்டு உடை தைத்தே கொண்டுவந்துவிட்டாள்.

லிஃப்டின் இரும்புக் கதவு திறந்தது. ஜனாதிபதியின் காரியதரிசி நேரே புஸ்தில்லோவிடம் ஓடிவந்தார். "வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் உசிரைக் கைல பிடிச்சிட்டு உக்காந்திருக்காரு!"

ஒரு மணி நேரம் கழித்து ஜனாதிபதியே லிஃப்டில் இறங்கிவந்து, எல்லார் எதிரிலும் அந்த மனிதரைக் கட்டிக்கொண்டார். மைக்கைப் பிடித்தால் விடாதவர், ஒரு வார்த்தை பேசவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

மட்டூத்தே மற்றவர்களை முந்திக்கொண்டார். "காசிமிரோ ஐயா, காப்பி சாப்பிடுங்க. அவரோட ரொம்ப நாள் பழக்கமோ?"

"பழக்கமெல்லாம் இல்லீங்க. ராத்திரி பூரா தூக்கமே இல்லையாம். உடனே வான்னு ஹுத்திகல்பாவுக்கு ஆள் அனுப்பினாரு, வந்தேன்."

"எப்படித் தூக்கம் வரும்? நாட்டோட பாரமாச்சே!" என்று உச்சுக்கொட்டிய மட்டூத்தே, குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொன்னா கேப்பாரு, இல்லையா?"

புஸ்தில்லோ சிரித்தார். "என்கிட்ட அவரு குழந்தை மாதிரிங்க. திறங்கன்னா திறப்பாரு, மூடுங்கன்னா மூடுவாரு."

மட்டூத்தேக்குப் புல்லரித்தது. எந்த இலாகாவைத் திறப்பது, எதை மூடுவது என்பதே இவர் கையில் இருக்கிறது! ஜனாதிபதி அவரை வெள்ளிக்கிழமை வரை இருக்கச் சொல்லியிருக்கிறாராம், அறைதான் சமையல்கட்டுக்குப் பக்கத்தில் கிடைத்திருக்கிறதாம்.

"நீங்களா? சமையல்கட்டுப் பக்கமா? என் அறையை எடுத்துக்குங்க. பால்கனியில நின்னா சதுக்கமே தெரியும்" என்றார் மட்டூத்தே. அவர் மறுக்க மறுக்க, சாவியை அவர் கையில் திணித்தார்.

எர்லிந்தா பத்திரகாளியானாள். "அவன் பால்கனியில காத்து வாங்குவான், நான் இங்க வெங்காய வாசத்துல குளிக்கணுமா? பட்டு உடையெல்லாம் சூப்பு நாத்தம்! இந்த மனுஷனுக்கு மூளை இருக்கான்னு தெரிஞ்சா சொல்லுங்களேன்!"

"வாயை மூடுடி. நாளைக்கு மந்திரி பொண்டாட்டியா இருக்கணுமா, வேணாமா? வரம் கேக்குறதுக்கு முன்னாடி பூசாரியைக் குளிர வைக்கணும்."

குளிர வைத்தார். தினமும் காப்பியோடு மொறுமொறு ரொஸ்கியா பிஸ்கோத்து வாங்கிக் கொடுத்தார், மூட்டுவலிக்குத் தைலம் தேடிக்கொடுத்தார். "பொதுப்பணிக்கு என் பேரை ஒரு வார்த்தை போட்டு வைங்க" என்று மட்டும் இடையிடையே நினைவூட்டினார். புஸ்தில்லோவும் நல்ல மனிதர்; "சமயம் பார்த்துச் சொல்றேன்" என்றார்.

வியாழக்கிழமை காரியதரிசி மட்டூத்தேயைத் தூணருகே ஒதுக்கி, "அந்த புஸ்தில்லோவைப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார்.

இது புஸ்தில்லோ காதுக்குப் போகாமலா இருக்கும்? மட்டூத்தே அள்ளிவிட்டார். "மாணிக்கம் ஐயா! அறிவு, அடக்கம், கை சுத்தம். இந்த ஹோட்டல்ல அவர் பேரைச் சொன்னா ஒருத்தன் குறை சொல்லட்டும், என் காதை அறுத்துக்கிறேன்."

காரியதரிசி அடுத்த மேஜைக்குப் போனார். மட்டூத்தேயின் பரம எதிரியான பண்ணையார், தன் பங்குக்கு இன்னும் இரண்டு படி மேலே போய்ப் புகழ்வது காதில் விழுந்தது. 'இவனும் ஐஸ் வைக்கிறான், பார்!' என்று மட்டூத்தே பல்லைக் கடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை புஸ்தில்லோ மறுபடி மேலே போனார். எர்லிந்தா நாற்றம் போக உலர்த்திய பட்டு உடையில் வந்து உட்கார்ந்தாள். மட்டூத்தே லிஃப்ட் கதவையே பார்த்திருந்தார்.

கதவு திறந்தது. புஸ்தில்லோவின் முகம் வெளிறிக் கிடந்தது. தள்ளாடி வந்து மட்டூத்தேயின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என் விஷயம் பேசினீங்களா?"

"உங்க பேரை எடுக்குறதுக்குள்ள அவரு ஆரம்பிச்சிட்டாருங்க. பொதுப்பணிக்கு எவன் பேரைச் சொன்னாலும் இன்னொருத்தன் கத்தியைத் தூக்குறானாம். கட்சியில அத்தனை பேரும் ஒருமனசா புகழுற ஒரே ஆளு நான்தானாம். என்னையே போட்டுட்டாரு."

எர்லிந்தாவின் கையிலிருந்த விசிறி கீழே விழுந்தது. "உங்களையா?" என்றார் மட்டூத்தே. "நீங்க... நீங்க ஏற்கெனவே அவருக்கு என்னவா இருக்கீங்க?"

புஸ்தில்லோ அழுதுவிடுவார் போலிருந்தது.

"அவருக்குக் கடவாய்ப்பல்லு பிடுங்க வந்தவன்யா நான்!"