பொன்னாடைக்கு நிற்காதவர்

நஞ்சப்பண்ணன் மேடையை விட்டு இறங்கிப் போனதற்கு நான்தான் காரணம். என்ன தப்பு செய்தேன் என்பதுதான் அப்போது எனக்குத் தெரியவில்லை.

கோபாலபுரம் வாசகசாலையில் அவருக்குப் பாராட்டு விழா. கார்கில் சண்டையில், பனிமலையில் சிக்கிக்கொண்ட வீரர்களுக்கு, குண்டு மழைக்கு நடுவே ஹெலிகாப்டரிலிருந்து அரிசி மூட்டைகளைத் தள்ளிவிட்டவர். செயலாளரான நான் மாலை மட்டும் வாங்கி வந்திருக்கலாம். அப்படிச் சிக்கியவர்களில் உயிரிழந்த ஒரே வீரர் சங்கையாவின் மனைவி மூக்கம்மாளை மறையூரில் தேடிப்பிடித்து, அண்ணனுக்குச் சொல்லாமலே மேடையேற்றினேன். என் சாமர்த்தியத்துக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

மூக்கம்மாள் அக்கா மைக்கைப் பிடித்தார். "எங்க வீட்டுக்காரரு குண்டடி பட்டுச் செத்தாருன்னு தந்தி வந்துச்சு. ஆனா அவரு பசியோட போகல. அதுக்கு இந்த அண்ணந்தான் காரணம்."

அவர் கும்பிடுவதற்குள் அண்ணன் எழுந்து போய்விட்டார்.

பொன்னாடையோடு பின்னால் ஓடினேன். பக்கத்துத் தோப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்கண்ணா, அந்தக்கா அழுதுட்டு நிக்குது. தான் ஏதோ தப்பாப் பேசிட்டமோன்னு கேக்குது. நான் போய் என்னங்க சொல்றது?"

"தலைவலின்னு சொல்லிப்போடு."

"நம்பாதுங்க. நான் பொய் சொன்னா எம்பட மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்."

அவர் தன் கைகளை விரித்துப் பார்த்தார்.

"அன்னைக்குச் சாயங்காலம் மலை மேலயிருந்து வயர்லெஸ்ஸுல சொன்னாங்க தம்பி. சங்கையா மேல குண்டு படலே. நான் தள்ளின மூட்டைதான் விழுந்துது."