விசா வேண்டாம் தாயே

"கம்ப்யூட்டர் ரிப்பேர்னு சொல்லிடேம்மா, புண்ணியமாப் போவும்" என்று ராஜாம்பாள் கெஞ்சினாள்.

மூலக்குளத்தில் நெட் சென்டர் நடத்தும் கவிநிலா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். விசா கிடைக்கணும் என்று சாமி கும்பிட்டபடி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறாள். கிடைக்கவே கூடாது என்று கும்பிடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

"மருமவ மேல அப்படி என்னக்கா கோவம்?"

"கோவமா? தங்கமான பொண்ணு. அதான் பயமாக் கீது."

பக்கத்தில் மகன் கோபிநாத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பாரீஸில் ஓட்டல் சமையல்காரன். அங்கேயே எலீஸைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, இப்போது தனியாக லீவில் வந்திருக்கிறான். வந்ததற்குக் காரணம் அம்மாவின் வேண்டுதல். 'எம்புள்ளைக்குப் பிரான்சு விசா கெடச்சா தீ மிதிக்க வெக்கிறேன் தாயே' என்று அன்றைக்குத் திரௌபதி அம்மனிடம் சொல்லியிருந்தாள். அம்மன் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை தீமிதி. மகன் கையில் காப்பு கட்டியாகிவிட்டது.

இந்த நேரம் பார்த்து எலீஸுக்கும் லீவு கிடைத்துவிட்டது. நானும் வருகிறேன், டூரிஸ்ட் விசா போடு என்று அங்கிருந்து குதிக்கிறாள். வேண்டாம் என்று சொன்னால் சந்தேகப்படுவாள்.

"வந்து பாத்துட்டுப் போவட்டுமேக்கா. அண்ணி என்ன வேலை பாக்கறாங்க?"

"நர்சு" என்றான் கோபிநாத். "தீக்காய வார்டுல."

கவிநிலா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"சிரிக்கிறியா? நெருப்புல வெந்தவங்களுக்கு நாளெல்லாம் கட்டுப் போடறவ, கட்டின புருசன் அதுலயே நடக்கறதைப் பாத்தா என்னா ஆவும்? பைத்தியக்காரக் கூட்டம்னு இவனை இழுத்துக்கினு போயிடுவா. அப்புறம் இந்த ஊர்ப் பக்கம் வுடுவாளா? எம்புள்ள எனக்கு ஏது?"

"வெள்ளைக்காரங்களாண்ணா?"

"இல்லம்மா. ரெயூனியன் தீவு. பிரான்சோட தீவுதான். அவ முப்பாட்டனுங்க நம்ம பக்கத்துலேர்ந்து கரும்பு வெட்டக் கப்பல்ல போனவங்களாம். ஆனா தமிழ் ஒரு வார்த்தை வராது. ஞாயித்துக்கெழமையானா சர்ச்சு. நம்ம வழக்கம் எதையும் நானும் சொன்னதில்ல."

"இருக்கறதுலயே மங்கலான போட்டோவாப் போடு" என்றாள் ராஜாம்பாள்.

"மங்கலா இருந்தா எடுக்காதுக்கா." கவிநிலா பளிச்சென்ற படத்தையே ஏற்றினாள். மறுநாளே விசா வந்துவிட்டது. 'நம்ம நேரத்துக்கு இதெல்லாம்தான் சுருக்கா நடக்கும்' என்று ராஜாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

காப்பு கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை சென்னை ஏர்போர்ட்டுக்குக் கார் எடுத்துப் போனது ராஜாம்பாளின் அண்ணன் மகன் ராஜ்கமல். எலீஸை நேராக நோணாங்குப்பத்தில் இறக்கி, படகில் ஏற்றி, பொழுது சாயும்வரை கடற்கரையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அத்தையின் உத்தரவு.

சாயங்காலம் கோயில் திடலில் கட்டைகள் எரிந்து அடங்கி, கங்கு தகதகவென்று பரப்பியிருந்தார்கள். பம்பை உடுக்கை காதைக் கிழித்தது. ராஜாம்பாளின் போன் அடித்தது.

"அத்த, படகு வேணாம்னுட்டாங்க. புருசனைப் பாக்கணுமாம்."

"ரோட்டுல எங்கியாவது டயரைப் பஞ்சராக்குடா!"

"திடல்லதான் நிக்கறேன் அத்த. எறங்கி ஓடிட்டாங்க."

ராஜாம்பாள் திரும்புவதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எலீஸ் வந்து நின்றாள். ஜீன்ஸ், முதுகில் பை, முகமெல்லாம் சிரிப்பு. ராஜாம்பாள் முந்தானையை இரண்டு கையாலும் விரித்து நெருப்புக்குழியை மறைக்கப் பார்த்தாள். குழி முந்தானைக்கு அடங்குகிற அளவா?

வெள்ளைக்காரத் தெரு ஓட்டலில் பாத்திரம் தேய்த்தபோது கற்றுக்கொண்ட ஒரு வார்த்தை அப்போது கைகொடுத்தது.

"பார்பிக்யூ!" என்று கத்தினாள். "பார்பிக்யூம்மா! கோழி! கோழி!"

பக்கத்தில் நின்ற பூசாரி காதைப் பொத்திக்கொண்டார். "அம்மன் சன்னிதியில என்னா பேச்சு பேசற ராஜாம்பா!"

எலீஸ் மாமியாரைப் பார்த்தாள். நெருப்பைப் பார்த்தாள். ஈர மஞ்சள் வேட்டியும் கையில் வேப்பிலையுமாக வரிசையில் முதலாவதாக நின்ற கணவனைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுவிட்டது.

பையைக் கழற்றிக் கீழே போட்டாள். விறுவிறுவென்று நடந்து போய் அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். குழியைக் காட்டினாள், வானத்தைக் காட்டினாள், தன் நெஞ்சைக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

போச்சு. மகன் இனி தனக்கில்லை என்றே ராஜாம்பாள் முடிவு கட்டிவிட்டாள். மகனோ வேப்பிலை கீழே விழுந்தது கூடத் தெரியாமல் வாயைப் பிளந்து நின்றான். எலீஸ் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"டேய், என்னாடா? திட்டறாளா?"

"திட்டறாம்மா."

"எதுக்குடா?"

"தன்னை வுட்டுட்டு எறங்கப் பாத்தேனாம்மா. குழியும் ரொம்பச் சின்னதாம்... அவங்க தீவுல இருந்தப்ப இவ வருசா வருசம் எறங்கினது இதுல ரெண்டு மடங்காம்!"