வியாழக்கிழமை மனசாட்சி

"இருபது வருஷமா நீங்க போட்ட ஓட்டு அத்தனையும் படிச்சுட்டேன், செனட்டர். படிக்கப் படிக்க வயித்தெரிச்சல்தான் மிச்சம்."

அலுவலக உதவியாளர் கார்லின் சொன்னதைக் கேட்டு செனட்டர் பாஸ்கம் கோபப்படவில்லை. காலைத் தூக்கி மேஜைமேல் வைத்து, கோல்ஃப் ஷூவின் லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தேர்தல் நோட்டீஸ்ல போட நாலு நல்ல ஓட்டு எடுத்துக் குடுன்னேன். உன் வயித்தைப் பத்தி யாரும்மா கேட்டா?"

"நல்ல ஓட்டும் இருக்கு. பள்ளிக்கூட மதியச் சாப்பாடு, வயசானவங்களுக்கு மருந்து, ஆத்துத் தண்ணி. அதுக்கெல்லாம் கட்சியை மீறிப் பச்சைப் பொத்தானை அழுத்தி ஆதரிச்சிருக்கீங்க. மத்ததெல்லாம் சுரங்க முதலாளிங்க சொன்ன சிவப்பு. ஒண்ணே ஒண்ணுதான் புரியலை. உங்க மனசாட்சி எப்பவும் வியாழக்கிழமை மத்தியானம்தான் முழிக்குது. மத்த நாளெல்லாம் அது எங்க போகுது?"

செனட்டரின் கோட்டைக் கையில் தொங்கவிட்டபடி நின்றிருந்த ஹோபர்ட் இருமினார். அலுவலகத்தில் எல்லோருக்கும் மூத்தவர். செனட்டர் சிரித்தால் சிரிப்பார், கொட்டாவி விட்டால் கதவைச் சாத்துவார்.

"சொன்ன வேலையைச் செய், கார்லின். கிழமை பாக்கறது உன் வேலை இல்லை."

'வந்துட்டான் கோட்டு ஸ்டாண்டு' என்று மனசுக்குள் வைதாள் கார்லின். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவருக்கு அவள் வைத்த பெயர் அது.

"சரி, இன்னிக்கும் வியாழக்கிழமைதான். மூணு மணிக்கு நுரையீரல் கிளினிக் மசோதா ஓட்டுக்கு வருது. பச்சைதானே?"

"சிவப்பு."

"அது தோத்தா எங்க ஊர் கிளினிக்கை மூடிடுவாங்க. எங்க அப்பா நுரையீரல் பூரா நிலக்கரித் தூசி. அவர் மூச்சு விடறதே அந்தக் கிளினிக் புண்ணியத்துல."

"அப்பாவை ரொம்ப விசாரிச்சதாச் சொல்லு." செனட்டர் மட்டைப் பையைத் தோளில் மாட்டினார். "சுரங்க முதலாளி மைதானத்துல எனக்காகக் காத்துட்டிருக்கார். ஹோபர்ட், நீ அவைக்குப் போய்ப் பக்கத்து சீட்டு வில்மாகிட்ட எனக்குச் சிவப்பு அழுத்தச் சொல்லிடு."

"முட்டி வலி உயிர் போகுது, செனட்டர். இவளே போகட்டும்."

"யாரோ ஒருத்தர் போங்க." கோட்டை வாங்கிக்கொண்டு அவர் போயே போய்விட்டார்.

"உங்களுக்கெல்லாம் வெக்கமே கிடையாதா, மிஸ்டர் ஹோபர்ட்?"

"இருந்தா இத்தனை வருஷம் இங்க குப்பை கொட்டியிருப்பேனா? கெளம்பு. என்ன சொல்லணும்னு உனக்குத் தெரியும்ல?"

அவையில் அடுத்தவர் ஓட்டுப் பொத்தானை அழுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய அன்றும் பாதிப் பேர் அடுத்தவர் பொத்தானைத்தான் அழுத்தினார்கள். எதிர்க்கட்சி செனட்டர் வில்மா கீன் இதற்கென்றே முதுகு சொறியும் குச்சி ஒன்றை மேஜையில் வைத்திருந்தார். எழுபது வயதில் எழுந்து எழுந்து உட்கார அவருக்கு முடியவில்லை.

"என்ன கண்ணு, வியாழக்கிழமையாச்சே, உங்க ஆளு மட்டையைத் தூக்கிட்டுக் கிளம்பியாச்சா?"

"ஆமாம்மா."

"என்ன அழுத்தணும்? நீ சொல்றதைத்தான் அழுத்துவேன். அவர் கட்சியைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனா அவர் ஓட்டை நானா மாத்தினா, நாளைக்கு என் ஓட்டை எவன் நம்பிக்கையா அழுத்துவான்?"

கார்லின் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். வேலை கிடைத்த அன்று அப்பா ஆக்சிஜன் குழாயைக் கழற்றி வைத்துவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, இருமி இருமிப் படுத்தார். அந்த வேலை இப்போது ஒரே ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பச்சை."

வில்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பச்சைன்னா சொன்னார்?"

"பச்சைதான்."

குச்சி நீண்டது. பொத்தான் அமுங்கியது. எதிர்ச் சுவரிலிருந்த பெரிய பலகையில் பாஸ்கம் பெயருக்கு நேரே பச்சை விளக்கு எரிந்தது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது. அவையில் பாதி கை தட்டியது, பாதி கெட்ட வார்த்தை சொன்னது.

கார்லின் வில்மா பக்கம் குனிந்தாள். "அம்மா, நான் சொன்னது பொய். அவர் சிவப்புன்னுதான் சொன்னார். உங்களுக்குக் கெட்ட பேர் வேண்டாம். நானே அவர்கிட்ட ஒத்துக்கிட்டு வேலையை விட்டுடறேன்."

வில்மா சிரித்த சிரிப்பில் முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"உக்காரு, பைத்தியம். முதல் தடவை இப்படி ஆனப்ப உங்க ஆளு என்ன குதி குதிச்சார் தெரியுமா! மறுநாள் பேப்பர்ல 'மனசாட்சியின் மனிதர்'னு போட்டோ போட்டுட்டாங்க. அதோட சரி. வியாழக்கிழமை யாரு என்ன அழுத்தினான்னு அவர் கேட்டதே இல்லை."

"முதல் தடவையா? அப்போ இதுக்கு முன்னாடியும் யாராவது..."

"அதைத்தான் நானும் கேக்க வந்தேன்." வில்மா குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டே வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "இத்தனை வருஷமா வியாழக்கிழமை தவறாம வந்து, மூஞ்சியை உம்முன்னு வச்சுக்கிட்டு 'பச்சை'ன்னு சொல்லிட்டுப் போற ஹோபர்ட்டை இன்னிக்கு ஏன் காணோம்?"