அரைநாள் கட்டில்

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவரைக் கண்டதும் அவன் கட்டிலை விட்டுத் துள்ளி எழுந்தான்.

ஒன்பது மாதங்களாகப் பணியிடத்தில் அவரைக் கண்டால் அப்படித்தான் எழுவான். வந்தவர் அவனுடைய தலைவர். மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடம் முழுவதும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது.

அவன் கையில் இனிப்புப் பெட்டி இருந்தது. அது இவருக்காக வாங்கியதன்று.

"ஐயா, நீங்க… இங்க?"

தலைவர் தம் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார்.

அவ்வறையில் கட்டில் ஒன்றுதான். அதற்கு வாடகை செலுத்துவோர் இருவர்.

இரவுப் பணி முடித்து வரும் அவனுக்குக் காலை ஏழு முதல் மாலை ஆறு வரை. மாலை ஏழு முதல் காலை ஆறு வரை மற்றொருவருக்கு. இடையே ஒரு மணி நேரத்தை வேலியாக இட்டிருந்தாள் வீட்டுக்காரி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாகாது என்பது அவள் சட்டம். பார்த்தால் சண்டை வருமாம்.

முகமறியாத அம்மனிதரை அவன் நெஞ்சார நேசித்தான். அவர் எழுந்து போன விரிப்பில் ஒரு சுருக்கம் இராது. காய்ச்சலோடு அவன் இரவுப் பணிக்குப் போய்வந்த வாரத்தில், வியர்வை ஊறிய தலையணையுறை மாற்றப்பட்டிருந்தது. அருகே மாத்திரைகள், மூடிவைத்த குவளையில் நீர். யாரோ ஒரு காவலாளி, இல்லையேல் சமையற்காரர், தன்னைப்போல் சம்பளம் போதாத ஓர் ஏழை என்றே எண்ணியிருந்தான்.

இன்று காலையில் அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. ஆணையை நீட்டிக் கைகுலுக்கியவர் இதே தலைவர்தாம். அவன் குலத்தில் எவரும் கண்டிராத சம்பளம். ஊரிலிருக்கும் மனைவியிடம் அப்பொழுதே சொல்லிவிட்டான்: வீடு பார்த்துவிடுகிறேன், பிள்ளையோடு புறப்படு.

மகள் பிறந்து ஆறு திங்கள் ஆகின்றன. அவளை அவன் இதுவரை கைப்பேசியின் கண்ணாடிமேல் மட்டுமே தொட்டிருக்கிறான்.

ஆதலால் துணிமணிகளைக் கட்டி வைத்துவிட்டு, சட்டத்தை மீறி, ஏழு மணிக்குப் பின்னும் காத்திருந்தான். கட்டிலின் மறுபாதிக்கு இனிப்பு தந்து, நன்றி கூறி, விடைபெற வேண்டும்.

மறுபாதி இதோ எதிரே நின்றது. அவனுடைய புதிய சம்பளத்தைப்போல் இரு மடங்கு வாங்கும் மறுபாதி.

"ஒம்பது மாசமா ஒரே தலையணையில தலை வச்சிருக்கோம்" என்றார் தலைவர். "நமக்குள்ள இது என்ன முறைப்பா? சம்பந்தியா, சகலையா?"

சிரித்தார். சிரிப்பு உதட்டைத் தாண்டிக் கண்ணுக்கு ஏறவில்லை.

அவன் இனிப்புப் பெட்டியைக் கட்டில்மேல் வைத்தான். இறைவா, இவருக்கே போதவில்லையா?

அவன் கேளாமலே அவர் சொன்னார், காலணியின் கயிற்றை அவிழ்த்தபடி.

"குடும்பத்த இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தா, ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு. அதுக்கே சம்பளத்துல பாதிக்கு மேல போயிடும். மிச்சத்துல ஸ்கூல் ஃபீஸ், வைத்தியம், சாப்பாடு. இருபதாம் தேதி வரைக்கும் மூணு பேரும் ராஜா வீட்டுப் புள்ளைங்க. அதுக்கப்புறம்? அதான், அவங்க அங்க, நான் இங்க. நான் வந்தப்ப பொண்ணுக்கு ரெண்டு வயசு."

"இப்ப, ஐயா?"

"பன்னெண்டு."

அவன் கட்டிலின் விளிம்பில் சரிந்தமர்ந்தான். அது தன் பொழுதன்று என்று உறைத்ததும் எழுந்துகொண்டான்.

அப்பொழுதுதான் மற்றொன்றும் உறைத்தது. பதவி உயர்ந்ததால் நாளை முதல் அவனுக்குப் பகற்பணி. பகலெல்லாம் உழைப்பவன் இரவில் உறங்க வேண்டும். இரவோ இவருடையது. கிடைத்த உயர்வு, இருந்த அரைக்கட்டிலையும் பறித்துக்கொண்டுவிட்டது.

கைப்பேசி ஒலித்தது. மனைவி, முகம் பார்த்துப் பேச அழைத்தாள். விரல் தானாகவே அதை ஏற்றது.

"ஏங்க, வீடு கெடச்சுதா? பின்னாடி தெரியுதே, அதானா? என்னங்க, வெறுஞ்சுவரா இருக்கு. சன்னல் இருக்குல்ல? உங்க பொண்ணு வெளிச்சம் இல்லேன்னா கத்தி ஊரையே கூட்டிடுவா!"

அவ்வறையின் நான்கு சுவர்களில் எதிலும் சன்னல் இல்லை.

உண்மையைச் சொல்லிவிட அவன் வாயைத் திறந்தான்.

தலைவர் பாய்ந்து வந்து கைப்பேசியைத் தம் உள்ளங்கையால் பொத்தினார். காதருகே குனிந்தார்.

"இன்னைக்குச் சொல்லாதப்பா. வீடு கெடச்சாச்சு, பெயின்ட் அடிக்கிறாங்க, அடுத்த மாசம் வரலாம்னு சொல்லு. அப்புறம் அவங்களுக்கும் பழகிடும்."

கைப்பேசியை அவன் மார்போடு கவிழ்த்துவிட்டு, பூட்டியிருந்த தம் அலமாரியைத் திறந்தார். நான்காக மடித்துத் தேய்த்து வைத்திருந்த ஒரு திரைச்சீலையை எடுத்தார். நீலப் பூக்கள் போட்டது. பல முறை துவைத்து ஓரம் நைந்தது. எதிர்ச்சுவரிலிருந்த இரண்டு ஆணிகளில், மூச்சு விடும் நேரத்துக்குள், மாட்டினார். அவர் விரல்கள் ஆணிகளைத் தேடவே இல்லை.

அவனைத் தோள் பற்றி அதன்முன் அமர்த்திவிட்டு, படத்தில் விழாத மூலைக்கு ஒதுங்கினார்.

"இப்ப தெரியுதுங்க! ஐய, திரையெல்லாம் போட்டிருக்கே!" மனைவியின் குரல் மலர்ந்தது. மகளைத் தூக்கிக் காட்டினாள். "அங்க பாருடி, நம்ம சன்னல்! ஏங்க, அதுக்கு வெளிய என்ன இருக்கு?"

அவன் நிமிர்ந்து நோக்கினான்.

மூலையிலிருந்து தலைவர், சற்றும் தயங்காமல், ஓசையின்றி உதடுகளை அசைத்தார்.

மரம்.