இரும்பு வயிற்றோன்

ஒசாகாவில் கத்சுயா நேரலையில் வீடியோ கேம் விளையாடுவதைப் பார்க்கிறவர்களுக்கு அவன் 'இரும்பு வயிற்றோன்'. பட்டம் அவனே சூட்டிக்கொண்டது. வீரனின் கண்வழியே ஓடும் விளையாட்டில் திரை சுழன்றால் அவனுக்குக் குமட்டும் என்பது அக்கா ஃபுசாயேவுக்கும் மேசையடி பக்கெட்டுக்கும் மட்டுமே தெரியும்.

அன்று விளையாட்டில் வரும் மலையின் உச்சிவரை, நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல் ஏறுவதாகச் சவால் விட்டிருந்தான். பாதியில் குமட்டி எழுந்து ஓடினால் பட்டம் போச்சு.

"சட்டையத் தூக்குடா, இரும்பு வயிறு!" என்ற அக்கா, பள்ளிச் சுற்றுலா பஸ்ஸில் குமட்டாதிருக்கச் செய்வதுபோல, உப்பில் ஊறிச் சிவந்த உமேபோஷிப் பழத்தைத் தொப்புளில் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினாள்.

"இது குழந்தைங்களுக்குக்கா!"

"அதான் உனக்கு ஒட்டுறேன். அப்பவும் தலை சுத்துனா, அசையாத எதையாவது உத்துப் பாரு."

அன்று குமட்டவே இல்லை. உச்சியில் ஓர் ஏரி இருந்தது. அதுவரை கைகளை மட்டுமே காட்டிய வீரன், குனிந்ததும் தண்ணீரில் முழுதாகத் தெரிந்தான். கவசம் விலகிய வயிற்றில் ஒரு பிளாஸ்திரி. நடுவில் சிவப்பாக ஊறியிருந்தது. முகம் வெளிறி, வாயைப் பொத்திக்கொண்டு, கத்சுயாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆடாதடா," என்றாள் அக்கா, மெல்ல. "அவன் உன்னைத்தான் பாத்துட்டிருக்கான்."

பெருமையடிக்கத் திறந்த வாயைக் கத்சுயா மூடினான். கைகளை மடியில் வைத்து, மூச்சையும் மெதுவாக விட்டபடி, பார்வையாளர்கள் கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல் அசையாது உட்கார்ந்திருந்தான்.

வெகுநேரம் கழித்து வீரன் வாயிலிருந்து கையை எடுத்தான். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. இடுப்புவரை குனிந்து வணங்கினான்.