இரண்டு விநாடி

நெய்வேலிக்கு வெளியே ஒரு தனியார் கரி உடைக்கும் ஆலை. பெல்ட் ஓடுவதற்கு முன் சங்கு முப்பது விநாடி ஊத வேண்டும். அதற்கு டைமர் செய்து கொடுத்தவன் சுதாகர். விநாடிக்கு 15624 வரை எண்ண வேண்டிய சிப்புக்கு 14624 என்று எழுதிவிட்டான். சங்கு இரண்டு விநாடி முன்பே நின்றது. பெல்ட்டின் மேலே ஏறிச் சுத்தம் செய்த ராஜாங்கம் ஏணியில் இறங்குவதற்குள் பெல்ட் ஓடி, அதில் சிக்கி இறந்துபோனார்.

விபத்து அறிக்கையில் ராஜாங்கத்தின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். சுதாகர் யாருக்கும் தெரியாமல் எண்ணைத் திருத்தினான்.

மறுநாள் ஆபரேட்டர் மலர்கொடி கூப்பிட்டாள். "சங்கு ஊதுறப்ப ஏணி தானா ஆடிக்கினு இருக்கு, வந்து பாருங்க."

கடிகாரத்தோடு நின்றான். இருபத்தெட்டாவது விநாடியில், ஆளில்லாத ஏணியின் இரும்புப் படிகள் மேலிருந்து ஒவ்வொன்றாக அதிர்ந்தன. முப்பதில் கடைசிப் படி ஓய்ந்தது. பிறகு பெல்ட் ஓடியது.

"அக்கா, அவரு மேல தப்பில்லீங்க," என்றான் சுதாகர். "நான் எழுதுன நம்பர்தான் தப்பு."